வேனில் கூடுதல் பெட்ரோல்: 40 லிட்டரை எதில் எடுப்பது, எங்கே கட்டுவது?

சிப்புட்_வேன் கேட்கிறார்:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வண்டி 2.7 லிட்டர் பெட்ரோல் ஹையேஸ், ரீகண்டிஷன். உள்ளே கட்டில், 12 வோல்ட் ஐஸ்பெட்டி, தண்ணீர் பம்ப், இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு எல்லாம் பொருத்தியாகிவிட்டது. தனியாக ஒரு சின்ன ஜெனரேட்டர் இருக்கிறது, 2 கிலோவாட் வகை, அதன் தொட்டி 3.6 லிட்டர்.

பள்ளி விடுமுறையில் நான்கு இரவு முகாம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி, லோஜிங், குவா மூசாங், அங்கிருந்து ஆரிங் பக்கமாகக் கென்யிர், கடைசியில் கோலா பெராங். குவா மூசாங்குக்கும் கோலா பெராங்குக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். அந்தச் சாலையில் எண்ணெய் ஸ்டேஷனை நம்பிப் போக முடியாது என்கிறார்கள். இடையில் செம்மண் பாதையில் உள்ளே போய் வரவும் வேண்டும், மொத்தம் 60 கிலோமீட்டர் இருக்கும்.

20 லிட்டர் தோங் இரண்டு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். தோட்டத்துக் களைக்கொல்லி மருந்து வந்த நீலப் பிளாஸ்டிக் தோங் சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறது, மூடியும் இறுக்கமாக இருக்கிறது. அது போதுமா? கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறது, ஆனால் வாடை வருமோ என்று யோசனை. கூரைக் கம்பியில் கட்டலாமா, பின்கதவுப் பக்கம் தொங்கவிடலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மலைச்சாலை:

தம்பி, தோங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். ஹையேஸ் தொட்டி 70 லிட்டர். சாமான் ஏற்றிய வண்டி தார்ச்சாலையில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் பாதையில் முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தால் 5. குவா மூசாங்கில் தொட்டி நிறைய அடித்துவிட்டுக் கிளம்பினால் 200 கிலோமீட்டருக்கு 25 லிட்டர், உள்பாதை 60 கிலோமீட்டருக்கு 12 லிட்டர். ஆக 37. தொட்டியில் இன்னும் 33 லிட்டர் மீதி இருக்கும்.

மோசமான நிலையையும் பார்த்துவிடலாம். கோலா பெராங் நெருங்கும்போது மண்சரிவு, சாலை மூடிவிட்டார்கள், திரும்ப குவா மூசாங்குக்கே வர வேண்டும் என்று வையுங்கள். நவம்பருக்குப் பிறகு கிழக்குக் கரை மழையில் இது நடக்கக்கூடியதுதான். போக வர 400 கிலோமீட்டருக்கு 50 லிட்டர், உள்பாதைக்கு 12, ஆக 62. அப்போதும் 70க்குள் அடங்குகிறது. வண்டிக்காக நீங்கள் ஒரு சொட்டுக்கூடத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. என் 8, 5 கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒருமுறை தொட்டி நிறைய அடித்து மலை ஏறி இறங்கி, மறுபடி நிறைய அடித்து உங்கள் வண்டியின் உண்மையான அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தோங்கு எண்ணெய் ஜெனரேட்டருக்கு மட்டும்தான். அதற்கு எவ்வளவு வேண்டும் என்பது ஏர்கோன் போடுவீர்களா என்பதைப் பொறுத்தது. மின்விசிறி, ஐஸ்பெட்டி, பேட்டரி சார்ஜ் மட்டும் என்றால் ஜெனரேட்டர் கால் சுமையில் ஓடும். இந்த அளவு ஜெனரேட்டர் 3.6 லிட்டரில் ஏறக்குறைய 8 மணி நேரம் போகும், மணிக்கு 0.45 லிட்டர். இரவுக்கு 4 மணி நேரம், நான்கு இரவு: 7 லிட்டருக்குச் சற்று மேல். அதில் 3.6 ஜெனரேட்டர் தொட்டியிலேயே அடங்கிவிடும். ஒரு குதிரைச்சக்தி ஏர்கோனை இரவு முழுக்க ஓடவிட்டால் அரைச் சுமை, மணிக்கு 0.65 லிட்டர். 8 மணி நேரம், நான்கு இரவுக்கு 21 லிட்டர். லோஜிங் குளிரில் ஏர்கோன் எதற்கு? கென்யிர் பக்கத்தில் இரண்டு இரவு போட்டாலும் 10, 11 லிட்டர்தான்.

40 லிட்டர் யோசனையை விடுங்கள். 10 லிட்டர் தோங் ஒன்று போதும். 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இருந்தால் அதில் 2.5 கிலோவாட்-மணி நிற்கிறது. ஐஸ்பெட்டியும் விசிறியும் ஒரு நாள் ஓட 1 முதல் 1.4 கிலோவாட்-மணி போதும். ஓடும்போதே ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஆகும்படி 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்று போட்டால், மூன்று மணி நேர ஓட்டத்தில் 1.2 கிலோவாட்-மணி திரும்பிவிடும். அப்போது அந்த 10 லிட்டரும் வேண்டியிருக்காது. பெட்ரோல் சுமப்பதில் ஆகப் பாதுகாப்பான வழி சுமக்காமல் இருப்பதுதான். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை, பேட்டரிக்குப் பணம் செலவழிப்பது இதற்காகவே.

தோட்டத்து_ஸ்டோர்:

மேலே சொன்ன கணக்கு சரி. நான் தோங்கைப் பற்றியும் ஆவியைப் பற்றியும் சொல்கிறேன்.

களைக்கொல்லித் தோங் வேண்டவே வேண்டாம், தம்பி. எவ்வளவு கழுவினாலும் மருந்து பிளாஸ்டிக் சுவரில் ஊறி நிற்கும். அது பெட்ரோலில் கரைந்து கார்புரேட்டருக்குப் போகும், உங்கள் கைக்கும் வரும். மூடி வளையம் தண்ணீரில் கலந்த மருந்துக்குச் செய்தது, பெட்ரோலில் ஊதி விரிந்து மென்மையாகிவிடும். ‘இறுக்கமாக இருக்கிறது’ என்பது காலியாக இருக்கும்போது சொல்வது. வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறி, மலைச்சாலை வளைவில் தோங் சாயும்போதுதான் மூடியின் உண்மை தெரியும். புல்வெட்டும் ஒப்பந்தக்காரர்கள் சமையல் எண்ணெய் போத்தலிலும் மினரல் தண்ணீர் போத்தலிலும் பெட்ரோல் ஊற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவதைப் பார்த்து அதுவே வழக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் போத்தல்களின் மூடி ஆவியைப் பிடித்து நிறுத்தாது, கீழே விழுந்தால் உடலும் பிளக்கும்.

வாங்கும்போது தோங்கின் உடலில் அச்சிட்டிருக்கும் ஐக்கிய நாடுகள் குறியீட்டைப் பாருங்கள். இரும்பு ஜெர்ரி கேன் என்றால் 3ஏ1, பிளாஸ்டிக் என்றால் 3எச்1. அதற்கடுத்து வரும் எழுத்து முக்கியம்: எக்ஸ் அல்லது ஒய் இருக்க வேண்டும். பெட்ரோல் நடுத்தர ஆபத்துள்ள இரண்டாம் பொதித் தொகுதியைச் சேர்ந்தது, இசட் மட்டும் போட்ட தோங் அதற்குப் போதாது. பிளாஸ்டிக் தோங்கில் கடிகார முகம்போல் ஒரு வட்டமும் அம்புக்குறியும் இருக்கும், அது தயாரித்த மாதம், ஆண்டு. ஆபத்தான சரக்குக்கு அந்தத் தேதியிலிருந்து 5 ஆண்டுதான் அனுமதி. வெயிலில் கிடந்து வெளுத்துப்போனதை அதற்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள். எனக்குக் கேட்டால் இரும்புதான், 10 லிட்டர், நெம்புகோல் மூடி போட்டது. மூடிக்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நைட்ரில் ரப்பராக இருக்கட்டும். மாற்று வளையம் ஒன்று கூடவே வைத்திருங்கள், விலை சொற்பம்.

புதுத் தோங்கைச் சோதிக்க, 2 லிட்டர் பெட்ரோல் ஊற்றி மூடி, வீட்டுக்கு வெளியே, நெருப்பில்லாத இடத்தில் காய்ந்த அட்டையின் மேல் ஒரு மணி நேரம் படுக்கவையுங்கள். அட்டையில் ஈரக்கறை தெரிந்தால் அந்தத் தோங் வண்டியில் ஏறக் கூடாது.

இனி, கட்டிலுக்குக் கீழே. வாடை வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வாடை அதில் சின்ன விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தரையாகத் தண்ணீர்போல் ஓடித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் 1.4 விழுக்காடு இருந்தாலே பற்றும். ஒரு லிட்டர் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 180 லிட்டர் ஆவி. உங்கள் வேனின் உட்பகுதி 8 கனமீட்டர் என்று வைத்தால், ஒரு லிட்டர் கசிவே முழு வேனையும் 2 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பிவிடும். தரையில் தேங்குவதால் உண்மையில் கால் லிட்டரே போதும். உங்கள் தண்ணீர் பம்பும் இன்வெர்ட்டரும் இருப்பதும் தரையில்தானே? பம்ப் சுவிட்ச், ஐஸ்பெட்டி ரிலே, எல்லாம் சின்னப் பொறி விடுகிறவை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி அளவிலேயே பற்றத்தக்க ஆவி விடும். நம்மூர்ச் சூட்டில் அது எப்போதுமே தயார்நிலையில்தான் இருக்கிறது. மனிதர் தூங்கும் இடத்துக்குள் தோங் வரக் கூடாது, கட்டிலுக்குக் கீழே என்றாலும் சரி, பூட்டிய அலமாரி என்றாலும் சரி.

எண்ணெய் அடிக்கும்போது தோங்கை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். வண்டிக்குள் கம்பளத்தின் மேலோ பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ வைத்து அடித்தால் நிலைமின்சாரம் இறங்க வழியில்லாமல் தோங்கிலேயே சேரும். அதன் பொறி வாயருகில் விழுந்தால் அங்கே ஆவி தயாராக இருக்கிறது. முதலில் வண்டியின் வெறும் உலோகத்தைக் கையால் தொடுங்கள். பம்ப் முனை தோங்கின் வாயை உரசியபடியே இருக்க, மெதுவாக அடியுங்கள். அடித்து முடியும்வரை திரும்ப வண்டியில் ஏறி இறங்காதீர்கள், இருக்கைத் துணி உரசினாலே உடம்பில் மறுபடி மின்சாரம் ஏறும். ஒருவேளை தோங்கின் வாயில் தீப்பிடித்தால் முனையைப் பிடுங்கவே கூடாது. அப்படியே விட்டு விலகி, ஸ்டேஷனின் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தச் சொல்லிக் கத்துங்கள். பதறி முனையை இழுக்கும்போதுதான் எரிகிற எண்ணெய் உடம்பில் தெறிக்கிறது.

விளிம்புவரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். காலை 28 டிகிரியில் அடித்தது மதிய வெயிலில் 50 ஆனால் 10 லிட்டரில் 0.2 லிட்டர் கூடும். 9.5 லிட்டரில் நிறுத்துங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ரோன் 95 பெட்ரோல் கட்டுப்பாட்டுப் பொருள். அக்தா கவாலான் பெகாலான் 1961 என்ற விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், அனுமதி இல்லாமல் அதைத் தோங்கில் விற்பது ஸ்டேஷன்காரருக்கும் குற்றம், வாங்குபவருக்கும் தொல்லை. உங்களுக்கு அருகிலுள்ள கேபிடிஎன் (உள்நாட்டு வாணிப அமைச்சு) கிளையில் வண்டிப் பதிவு அட்டையோடு போய், ஜெனரேட்டருக்காக 10 லிட்டர் என்று சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். பம்பில் நிற்கும் பையனிடம் வாதாடிப் பயனில்லை. அவன் மறுத்தால் அவன் செய்வதுதான் சரி.

சிப்புட்_வேன்:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. 40 வேண்டாம், 10 லிட்டர் இரும்புத் தோங் ஒன்றே போதும் என்று முடிவு. கேபிடிஎன்னில் கேட்டுவிடுகிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கே கட்டுவது? வண்டியின் அடியில் இடமே இல்லை. இரண்டு, தோங்கே இல்லாமல் வண்டியின் எண்ணெய்க் குழாயில் ஒரு டீ (T வடிவ) இணைப்பு போட்டு ஜெனரேட்டருக்கு எடுக்க முடியாதா? பெரிய மோட்டார்ஹோம்களில் அப்படித்தான் இருக்கிறது என்று படித்தேன்.

இரும்புப்பட்டறை:

டீ விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். அமெரிக்கப் பெரிய மோட்டார்ஹோம்ல ஜெனரேட்டருக்குத் தொட்டிக்குள்ளேயே தனிக் குழாய் விட்டிருப்பாங்க. அந்தக் குழாயோட வாய் தொட்டியில கால் பங்கு உயரத்துல நிக்கும். ஜெனரேட்டர் எவ்வளவு குடிச்சாலும் கால் தொட்டிக்குக் கீழே இழுக்க முடியாது, வீடு திரும்ப எண்ணெய் இருக்கும். நல்ல ஏற்பாடு, ஆனா அது தொழிற்சாலையில செஞ்சது. உங்க ஹையேஸ்ல இன்ஜினுக்குப் போற குழாய்ல 3 பார் அளவு அழுத்தம் ஓடுது. உங்க சின்ன ஜெனரேட்டர்ல கார்புரேட்டர். ஏறக்குறைய அழுத்தமே இல்லாம வர்ற எண்ணெய்க்குச் செஞ்சது. அந்த 3 பார் நேரா போனா மிதவை ஊசி தாங்காது, எண்ணெய் வழிஞ்சு சூடான சைலன்சர் மேல கொட்டும். நடுவுல ரெகுலேட்டர் வைக்கலாம்னு சில பேர் சொல்வாங்க. கிளிப் போட்ட ரப்பர் குழாய் ஒண்ணு தளர்ந்தா போதும், பம்ப் மொத்தத் தொட்டியையும் வெளியே தள்ளும். அதோட எண்ணெய்த் தொட்டி, குழாய் மாத்தறதுன்னா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பாகோம் வண்டிப் பரிசோதனை எல்லாம் வரும். செய்யாதீங்க.

இப்ப எங்கே கட்டறதுன்னு பார்ப்போம். லாரிச் சேசிஸ்ல கட்டின மோட்டார்ஹோமா இருந்தா பதில் சுலபம்: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல, இடப்பக்கம், வெளியே திறக்கிற இரும்புப் பெட்டி. அடியில காத்துப் போக ஓட்டை, வீட்டுப் பக்கம் ஒரு ஓட்டைகூட இல்லாம அடைப்பு. சைலன்சர் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். இடி வாங்குற மூலைகள்ல இருந்தும் தள்ளி இருக்கும்.

ஹையேஸ்ல அந்த இடம் இல்ல. மிச்சம் கூரை, இல்லேன்னா பின்பக்கம். ரெண்டுலயும் குறை உண்டு. 10 லிட்டர் ஒரே தோங்னா பின்பக்கம் கூண்டு கட்டுறதுதான் என் தேர்வு. 20 லிட்டர் ரெண்டு எடுத்திருந்தா கணக்கே வேற: ஒரு லிட்டர் 0.74 கிலோ, தோங்கோட சேர்த்து ஒண்ணு 19 கிலோவுக்கு மேல, ரெண்டும் 39 கிலோ. பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால தொங்கினா, சக்கர இடைவெளி 2.57 மீட்டர் இருக்கிற ஹையேஸ்ல பின் அச்சுக்குக் கூடுற பாரம் 39 இல்ல, 57 கிலோ. முன் அச்சுல 18 கிலோ குறையும். ஏத்தத்துல ஸ்டீயரிங் லேசாகும். இப்ப ஒரே தோங், நிரப்பினாலும் 10 கிலோ அளவுதான், வண்டி கண்டுக்காது.

கூண்டைப் பம்பர்ல மாட்டக் கூடாது. பம்பர் வெறும் தகடு. குழியில விழுந்தா 10 கிலோ ஒரு நொடிக்கு 30 கிலோவா இழுக்கும், அதே இடம் நூறு தடவை வாங்கினா போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். சேசிஸ் நீளக் கம்பிகள் ரெண்டும் முடியுற இடத்துல 12 மில்லிமீட்டர் போல்ட், 8.8 தரம், பக்கத்துக்கு ரெண்டு, லாக் நட் போட்டு இறுக்குங்க. கூண்டுக்கு 40க்கு 40, 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிள் இரும்பு. நாலு பக்கமும் தோங்கோட பாதி உயரத்துக்கு மேல விளிம்பு இருக்கணும். அடியில 6 மில்லிமீட்டர் ரப்பர், பக்கங்கள்லயும் ரப்பர் ஒட்டுங்க. இரும்பும் இரும்பும் உரசினா முதல்ல பெயின்ட் போகும், அப்புறம் துரு, அப்புறம் ஊசித் துளை. மேல குறுக்கா ஒரு ராட்செட் பட்டை, அதுக்கு மேல பூட்டுக் கம்பி. வெயிலுக்கு மேலேயும் பின்னாலேயும் அலுமினியத் தகடு, தோங்கைத் தொடாம 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில காத்து ஓடினாதான் தகடு பயன்படும், ஒட்டி வெச்சா தகட்டுச் சூடு தோங்குக்கே போகும்.

சைலன்சர் வாய் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம் வைங்க. கேஸ் தோங்கும் இதுவும் ஒரே பெட்டியில வேண்டாம். நம்பர் பிளேட், பின்விளக்கு, சிக்னல் எதையும் கூண்டு மறைக்கக் கூடாது, மறைச்சா அபராதச் சமன் நிச்சயம். பின்கதவு முழுசா திறக்குதான்னு அட்டையில அளவு வெட்டிப் பார்த்துட்டு இரும்பை வெட்டுங்க, ஹையேஸ் கதவு மேல தூக்குறது.

ஒண்ணை மட்டும் ரொம்ப வற்புறுத்திச் சொல்றேன். கூண்டு வெல்டிங் பண்றப்போ அளவு பார்க்கத் தோங்கைக் கொண்டு வராதீங்க, காலித் தோங்கா இருந்தாலும் சரி. நிறைஞ்ச தோங்கைவிடக் காலித் தோங்தான் வெடிக்கும். உள்ளே எண்ணெய் இல்ல, ஆவியும் காத்தும் சரியான கலவையில இருக்கு. ஒரு தடவை பெட்ரோல் பார்த்த தோங் பட்டறைக்குள்ளயே வரக் கூடாது. அதே அளவுல ஒரு பலகைத் துண்டு வெட்டி எடுத்துட்டு வாங்க.

மலைச்சாலை:

பட்டறை அண்ணன் சொன்ன கட்டுமானம் முழுக்கச் சரி. பின்பக்கம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கேமரன் இறக்கத்தில் காய்கறி லாரிகள் பின்னாலேயே ஒட்டி வரும். பின்னால் இடித்தால் முதலில் நசுங்குவது அந்தத் தோங்தான். கூரையில் நடுவாக, முன் இருக்கைகளுக்கு மேலே 10 கிலோ வைப்பதால் ஹையேஸ் கவிழ்ந்துவிடாது. குறை என்ன என்றால் வெயில் அதிகம், ஏறி இறக்குவது சிரமம். தலைக்கு மேலிருந்து 10 கிலோவை ஒரு கையால் இறக்கும்போது நழுவவிட வாய்ப்புண்டு. ஏணி இருந்து, இறக்க இரண்டு பேர் இருந்தால் நான் கூரை என்பேன். தனியாகப் போகிறவருக்குப் பின்பக்கம்.

எங்கே வைத்தாலும் தோங் நிறைந்திருக்கும் தூரத்தைக் குறையுங்கள். சுங்கை சிப்புட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டாம். வெறும் தோங்காக மலை ஏறி, அந்த நீளச் சாலை தொடங்கும் குவா மூசாங்கில் நிரப்புங்கள். அனுமதிக் கடிதம் அங்கும் செல்லுமா என்று கேபிடிஎன்னில் கேட்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு நன்மை: சமதளத்தில் நிரப்பி மூடிய தோங்கைக் கேமரன் உயரத்துக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். திறக்கும்போது ஆவி சீறிக்கொண்டு வரும். ஏற்கெனவே நிரப்பித்தான் போகிறீர்கள் என்றால், தோங்கை நிமிர்த்தி நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு, முகத்தை விலக்கி, நெம்புகோலை மெல்ல நெகிழ்த்திச் சீறல் அடங்கிய பிறகு முழுக்கத் திறக்க வேண்டும்.

எல்லோரும் விட்டுவிடுவது ஜெனரேட்டர். தோங்கை இவ்வளவு பத்திரமாக வெளியே கட்டிவிட்டு, தொட்டி நிறைந்த ஜெனரேட்டரைக் கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். அதிலும் 3.6 லிட்டர் அதே பெட்ரோல்தான், மூடியில் காற்றுத் துளை வேறு இருக்கிறது. வண்டிக்குள் வருவதானால் தொட்டியை வடித்து, எண்ணெய் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மூடியிலுள்ள காற்றுத் திருகை அடைத்து, ஆறிய பிறகுதான் ஏற்ற வேண்டும். என் முதல் கணக்கில் ஜெனரேட்டர் தொட்டியிலேயே 3.6 அடங்கும் என்றது முகாமில் நிற்கும்போதுதான். ஓடும்போது அது காலி.

தோட்டத்து_ஸ்டோர்:

ஜெனரேட்டரை வடிப்பது சொன்னது நல்லது. ஊற்றுவதையும் சொல்லிவிடுகிறேன், முகாமில் ஆபத்து அங்கேதான்.

ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்திய உடனேயும் ஊற்றக் கூடாது. சைலன்சர் ஆற 20 நிமிடமாவது விடுங்கள். இருட்டுவதற்கு முன் ஊற்றி முடித்துவிட்டால் அவசரம் வராது. இரவு பத்து மணிக்கு விளக்கணைந்த பிறகு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊற்றும்போதுதான் சிந்துகிறது. கேஸ் அடுப்பு, கொசுவத்தி, கரி அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, நெருப்பு இருந்த இடத்துக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள், ஆவி உங்களைத் தாண்டிப் போகட்டும். சரிவான இடமானால் வண்டியைவிடத் தாழ்ந்த பக்கம் ஊற்றுங்கள்.

தோங்கோடு வரும் வளையும் மூக்கு, காற்றுக்குழாய் உள்ளதாக இருக்க வேண்டும். காற்றுக்குழாய் இல்லாத மூக்கு ‘குளுக் குளுக்’ என்று துப்பும், சிந்துவதில் பாதி அதனால்தான். ஜெனரேட்டர் வாய் சின்னது என்பதால் குலுக்கும் சைஃபன் குழாய், நுனியில் செம்பு வால்வு உள்ளது, இன்னும் நல்லது. தோங்கை ஓர் அடி உயரத்தில் வைத்து நான்கைந்து முறை குலுக்கினால் தானே ஓடும். வாயால் உறிஞ்சுவதை யாருக்கும் கற்றுக்கொடுக்காதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் மருத்துவமனைதான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது, வரும் வழியில் மறுபடி நுரையீரலுக்குப் போகும்.

ஜெனரேட்டர் ஓடும்போது வண்டியிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகைவாய் வண்டிக்கு எதிர்த்திசையில். மழை என்று வண்டியின் கூடாரத்துக்குள் இழுத்து வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, தூங்குகிறவர் எழவே மாட்டார். அதனால்தான் இரவு முழுக்க ஏர்கோன் என்ற யோசனையே எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். வண்டி இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்குவதற்கும் இதேதான்.

தீயணைப்புக் கருவி ஏபிசி உலர்தூள், 2 கிலோவுக்குக் குறையாமல், பொம்பா (தீயணைப்பு இலாகா) சான்றிதழ் ஒட்டியது. அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், தீயைத் தாண்டிக் கையை நீட்ட முடியாது. பக்கக் கதவுக்கு அருகில், வெளியே நின்று எட்டி எடுக்கும் இடத்தில். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரின் மேல் மிதந்து பரவும். சின்னச் சிந்தலுக்கு மணல் போதும், ஒரு வாளி மணல் ஜெனரேட்டர் பக்கத்தில் வையுங்கள். துணியில் பெட்ரோல் பட்டால் அந்தத் துணியை வண்டிக்குள் போடாமல் வெளியே கொடியில் காயவிடுங்கள்.

சிப்புட்_வேன்:

மிக்க நன்றி. ஏணி இருக்கிறது, மனைவியும் கூட வருகிறார், ஆனாலும் பின்பக்கக் கூண்டுக்கே மனம் போகிறது. ஒரே ஒரு கேள்வி: மீந்துபோன எண்ணெயை அடுத்த விடுமுறைவரை வீட்டில் வைத்திருக்கலாமா?

இரும்புப்பட்டறை:

கூண்டுன்னா அதோட பின்பக்கத்துல ஒரு சிவப்பு ரிப்ளெக்டரும் ஒட்டிடுங்க. பின்னால வர்றவனுக்கு வண்டி எங்கே முடியுதுன்னு இருட்டுல தெரியணும்.

மலைச்சாலை:

வீட்டில் வைக்க வேண்டாம், தம்பி. கோலா பெராங் வந்ததும் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, தோங்கில் இருப்பதையும் ஜெனரேட்டரில் இருப்பதையும் வண்டித் தொட்டியில் ஊற்றிவிடுங்கள். ரோன் 95தானே, வண்டி அதையே குடிக்கும். வெள்ளைத் துணியால் வடிகட்டி ஊற்றினால் துருத் துகள் இருந்தாலும் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலில் லேசான பகுதி பறந்து, மிச்சம் பிசுபிசுத்துக் கார்புரேட்டர் துவாரத்தை அடைக்கும். அடுத்த முகாமில் ஜெனரேட்டர் கிளம்பாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

காலித் தோங்கை மூடி திறந்து, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் கை எட்டாத திறந்த கொட்டகையில் ஒரு நாள் ஆறவிட்டு மூடி வையுங்கள். கேஸ் தோங், சாமி விளக்கு, வாட்டர் ஹீட்டர் பக்கம் வேண்டாம்.